கரிச்சட்டியும் கசகசாவும்

கல்ஃப் போய் வந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஒன்று, அவர்கள் அனுப்பிய பணம். மற்றது, அந்தப் பணத்தில் ஊரில் எழும்பிய வீடு. இரண்டுக்கும் நடுவே நீண்ட காலம் ஒன்று கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஆள் அங்கே எதைக் குடித்தான், எங்கே படுத்தான், எதைத் தெரியாமல் செய்து மாட்டிக்கொண்டான், யார் சொல்லிக் கொடுத்துத் தப்பித்தான் என்பதெல்லாம் ஏட்டில் ஏறவில்லை. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் சேக்காட்டிலிருந்தும் சுற்றுப்பட்டுப் பகுதிகளிலிருந்தும் போனவர்களில் நானும் ஒருவன். பைப் வெல்டர். சவூதியில் ஜுபைல் பக்கம் வேலை பார்த்தவன். எங்கள் தலைமுறை ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தக் கதையும் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து ஆட்கள் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் கடல் கடந்து போகிற பழக்கம் பல தலைமுறையாக உண்டு. எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எங்களிடம் இருந்தது கைத்தொழில். அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி 1949-இல் வந்தது. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் 1955-இல் வந்தது. பிறகு கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965-இல் அங்கிருந்து ‘விஜயந்தா’ டாங்க் வெளியே வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு லேத்தும் வைஸும் வெல்டிங் செட்டும் பழகுவதற்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் எத்தனையோ பட்டறைகள் இருந்தன. 1973-இல் எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியதும் வளைகுடா நாடுகளில் ரிஃபைனரியும் துறைமுகமும் பைப்லைனும் ஒரே நேரத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். ஜுபைல் மீன்பிடி கிராமமாக இருந்த ஊர். அதைத் தொழில் நகரமாக்குவதற்கு சவூதி அரசு 1975-இல் தனி ஆணையமே அமைத்தது. அங்கே தேவைப்பட்ட ஃபிட்டரும் வெல்டரும் இங்கே தயாராக இருந்தார்கள்.

ஏஜென்ட் வைக்கிற டிரேட் டெஸ்டுக்கு நாங்கள் பயப்பட்டதே இல்லை. 6ஜி என்று சொல்வார்கள். பைப்பை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். ஆள்தான் சுற்றிச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். ரூட்டை டிக்கில் போட்டு, மேலே 7018 ராடு வைத்து முடித்துக் கொடுத்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் பையன்கள் அதில் தேறிவிடுவார்கள். அதற்கப்புறம் மெடிக்கல், விசா அடிப்பது, டிக்கெட். அந்த நாளில் நிறையப் பேர் தாதர் எக்ஸ்பிரஸ் பிடித்து பம்பாய் போய், அங்கே லாட்ஜில் காத்திருந்து விமானம் ஏறினார்கள். வேலை தெரியுமா என்று எல்லோரும் சோதித்தார்கள். அந்த ஊரில் வாழத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரசு என்ன செய்தது என்று கேட்கலாம். தோட்டக் கூலிகளை மனத்தில் வைத்து வெள்ளைக்காரன் 1922-இல் போட்ட குடிபெயர்வுச் சட்டம்தான் 1983 வரை நடப்பில் இருந்தது. அந்த ஆண்டு புதுச் சட்டம் வந்தது. ஏஜென்டுக்குப் பதிவு வேண்டும், படிப்புக் குறைந்தவர்களுக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றெல்லாம் விதித்தது. தமிழக அரசு 1978-இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். போலி விசாவிலிருந்தும் சம்பள மோசடியிலிருந்தும் ஆளைக் காப்பாற்றுவதற்கு ஏற்பட்டவை. ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் காலையில் குழாயைத் திறக்கிறவனுக்கு எந்தச் சட்டமும் ஒன்றும் சொல்லவில்லை.

குழாய் என்று சும்மா சொல்லவில்லை. முதல் அடி அங்கேதான் விழும். சேக்காட்டில் சித்திரை மாதத்திலும் கிணற்றுத் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். வெயிலில் வந்தவன் நேராகத் தலையில் ஊற்றிக்கொள்வான். ஜுபைலில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் காய்கிறது. ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் ஷவரைத் திறந்தால் தோல் வெந்துபோகும். புதுசாக வந்த பையன் ஒருவனுக்குத் தோளும் முதுகும் கொப்பளித்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஆட்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கோடை வந்ததும் கீசரின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கீசர் இருப்பது அறைக்குள், ஏ.சி. குளிரில். அதில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் காலையில் இளஞ்சூடாக இறங்கும். வெந்நீருக்குச் செய்த சாமானில் தண்ணீரை ஆறவைத்துக் குளித்தோம். இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வாயால் சொல்லித்தான் தெரியும்.

வெயிலைப் பற்றியும் எங்களுக்கு ஒரு மிதப்பு இருந்தது. மெட்ராஸ் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வெல்டிங் அடித்தவனுக்கு வேறு எந்த வெயில் என்ன செய்யும் என்று நினைத்தோம். அங்கே கொல்வது வெயிலோடு சேர்ந்த ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். காற்றே தண்ணீராக இருந்தால் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஜுபைலுக்குத் தெற்கே அதே கடற்கரையில் இருக்கிற தஹ்ரானில் 2003 ஜூலை 8-ஆம் தேதி காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு, 35 டிகிரி செல்சியஸ் என்று பதிவானது. உலகத்தில் பதிவான மிக அதிக அளவு அதுதான் என்கிறார்கள். மனிதத் தோலின் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படிப்பட்ட காற்றில் வியர்வைக்குப் போக இடமே இல்லை.

தாகம் எடுக்கும்போது குடிக்காதே, அதற்கு முன்னாலேயே குடி. சிறுநீர் டீ நிறத்தில் போனால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வா. வியர்வை திடீரென்று நின்றால் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடு. இந்த மூன்றையும் ரூமில் சொல்லிக் கொடுத்தார்கள். மத்தியானம் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்ற தடை எமிரேட்ஸில் 2005-இல்தான் வந்தது. கத்தாரும் குவைத்தும் சவூதியும் பிறகு அந்த வழிக்கு வந்தன. இப்போது சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. எங்கள் காலத்தில் அது இல்லை. செத்தவர்களின் காகிதத்தில் ‘மாரடைப்பு’ என்று எழுதி அனுப்பினார்கள். ஊரில் இருப்பவர்களும் விதி என்று நினைத்துக்கொண்டார்கள். 2019-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 2009-க்கும் 2017-க்கும் இடையில் கத்தாரில் இதய நோயால் இறந்ததாகச் சொல்லப்பட்ட நேபாளத் தொழிலாளர்கள் 571 பேரை எடுத்துக்கொண்டு, வெப்பத்திலிருந்து சரியான பாதுகாப்பு இருந்திருந்தால் அவர்களில் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என்று கணக்கிட்டது. அதைப் பற்றிப் படித்த அன்று, எங்கள் கேம்பிலிருந்து பெட்டியில் போன ஆட்களின் முகங்கள் எனக்கு வரிசையாக வந்தன. முப்பது வயதுகூட ஆகாதவர்கள் அதில் இருந்தார்கள்.

வெயிலுக்கு நேர் எதிர்ப்பக்கம் குளிர். பாலைவனத்தில் குளிர் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. பைப்லைன் வேலைக்கு உள்ளே தள்ளிப் போட்ட கேம்பில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் பல் கிட்டித்துப்போகும். ஹீட்டர் இல்லாத போர்ட்டா கேபின். ஒரு பழைய தகர டின்னில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். அப்படிச் செய்து காலையில் எழுந்திருக்காதவர்கள் வளைகுடா முழுக்க உண்டு. இன்றைக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கத்திய தீயணைப்புத் துறைகள் எச்சரிக்கை விடுகின்றன.

இதில் நம் ஆள் ஏமாறுவதற்கு நம் வீட்டுப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். கரி நமக்குப் பயப்படுகிற பொருளாக இருந்ததே இல்லை. கும்மட்டி அடுப்பில் கரி போட்டுத்தான் டீ வைத்தோம். பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டிவிட்டு, கரிச்சட்டியில் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, முடியைக் காட்டித்தான் உலர்த்தினோம். ஆனால் அந்த வீடு ஓட்டு வீடு, கூரை வீடு. நாலா பக்கமும் காற்று வந்துபோகும். போர்ட்டா கேபின் தூசி நுழையாமல் ரப்பர் வைத்து இறுக்கிய பெட்டி. கரி அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்கிறது. தூங்குகிறவனுக்குத் தூக்கம் இன்னும் கனக்குமே தவிர விழிப்பு வராது.

எங்கள் ரூமில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் வருவதற்கு முன்பே வளைகுடாவில் பல ஊர் பார்த்தவர். முதல் குளிர் இறங்கிய அன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். “தம்பி, ரெண்டு கம்பளி போத்திக்கங்க, மூணு சட்ட போட்டுக்கங்க. கரிய மட்டும் உள்ள கொண்டாராதீங்க. குளிர்ல செத்தவன நா பாத்ததில்ல. கரியில செத்தவன பாத்திருக்கேன்.” அதோடு விடவில்லை. ராத்திரி எழுந்து பக்கத்துக் கேபின்களையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவார். அவருக்கு அதற்காக யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இன்று நான் உயிரோடு உட்கார்ந்து எழுதுவதற்கு அவர் ஒரு காரணம்.

அவர்தான் பெட்டியையும் சோதிப்பார். புதுசாக ஊரிலிருந்து வருகிறவன் பெட்டியைத் திறந்தால் அம்மா கட்டிக்கொடுத்த குருமாப் பொடி, அது தவிரத் தனியாக ஒரு பொட்டலம் கசகசா, இருமலுக்கு ஒரு பாட்டில், மூட்டுவலிக்கு நாலு அட்டை மாத்திரை எல்லாம் இருக்கும். கசகசா இல்லாமல் குருமா கெட்டிப்படாது என்பது நம் வீட்டுச் சமையல். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்று ஓபியத்துக்காக வளர்க்கிற அதே செடியின் விதைதான் அது என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சவூதியிலும் எமிரேட்ஸிலும் கத்தாரிலும் அது போதைப்பொருள் கணக்கில் சேரும். சிங்கப்பூரிலும் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. லண்டன் விமான நிலையத்தில் தின்ற ரொட்டியிலிருந்து சட்டையில் ஒட்டிக்கொண்ட மூன்று கசகசா விதைகளுக்காக ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரருக்கு துபாயில் நாலு வருடச் சிறைத்தண்டனை கிடைத்ததாக 2008-இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. அப்படியென்றால் ஒரு பொட்டலம் எடுத்துப்போகிற நம் ஆளை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அரபி தெரியாது. ஆங்கிலமும் அரைகுறை. ‘இது மசாலா, ஐயா’ என்று தமிழில் அழுவதைத் தவிர அவனால் என்ன செய்ய முடியும்? கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் டிரமடால் வலி மாத்திரைக்கும் இதே கதிதான். டாக்டர் சீட்டு இருந்தாலும் முன் அனுமதி இல்லாவிட்டால் சிக்கல்.

சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இங்கே வண்டி இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். எங்கள் ஊர் சி.டி.எச். ரோட்டைக் கடந்து பழகிய கழுத்து முதலில் வலப்பக்கம் திரும்பும். அங்கே வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும், அதுவும் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில். இந்த ஒரு பழக்கத்தால் போன உயிர்கள் ஏராளம்.

உடம்புக்கு வருகிற ஆபத்து ஒரு பக்கம் என்றால் மனத்துக்கு வந்த அதிர்ச்சி இன்னொரு பக்கம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. அதற்குப் பதில் இக்காமா என்ற குடியிருப்பு அட்டை கொடுத்தார்கள். இக்காமா இல்லாமல் டீக்கடைக்குப் போனாலும் பிடிபட்டால் உள்ளே. கஃபீல், அதாவது ஸ்பான்சர், கையெழுத்துப் போடாமல் அன்றைக்கு நாட்டைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்தது. தாய் செத்த தந்தி வந்து, கையெழுத்துக்காகக் காத்திருந்து, காரியம் முடிந்த பிறகு ஊர் வந்து சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அன்றைக்குத் தொழுகை நேரத்துக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. வாரவிடுமுறை வியாழனும் வெள்ளியும். 2013-இல்தான் அதை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதற்கு மனசு பழகவே வெகுநாள் ஆனது.

ஆனால் நல்ல அதிர்ச்சியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ரமலானில் நோன்பு திறக்கிற நேரம் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வைப்பார்கள். எகிப்துக்காரர், பாகிஸ்தான்காரர், சூடான்காரர், நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். எங்களோடு இருந்தவர்களில் ஊரில் டீக்கடையில் தனி கிளாஸில் குடித்து வளர்ந்த ஒருவர் இருந்தார். முதல் நாள் அவர் கையை நீட்டவே இல்லை. பக்கத்திலிருந்த சூடான்காரர் கறித்துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அவர் எந்த நாளும் தவறவிடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அவர் பழைய இடத்தில் பழைய மாதிரி நிற்க மறுத்துவிட்டார். கல்ஃப் பணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இத்தனையும் சொல்லிக்கொடுத்த இடத்துக்குப் பெயர் ‘ரூம்’. மேலும் கீழுமாகக் கட்டில் போட்டு எட்டுப் பேரோ பத்துப் பேரோ படுத்த அறை. மெஸ்ஸுக்கு எல்லோரும் சமமாகப் பணம் போடுவது, சமையலுக்கு முறை வைப்பது, புதுசாக வந்தவனுக்கு முதல் சம்பளம் வரும்வரை மெஸ் பணம் கேட்காமல் இருப்பது, யாராவது செத்தால் எல்லா ரூமிலும் துண்டேந்தி வசூல் செய்து உடலோடு ஒருவரை அனுப்புவது, எல்லாவற்றுக்கும் எழுதாத விதிகள் இருந்தன. எங்களுக்கு முன்னால் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆள் ஏற்றிய ‘ரஜுலா’ கப்பல் 1926-இல் ஓடத் தொடங்கியது. எண்ணெய் விலை ஏறிய அதே 1973-இல் ஓய்ந்தது. கப்பல் நின்றாலும், முன்னே போனவன் பின்னே வருகிறவனைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் நிற்கவில்லை. ராமநாதபுரத்துப் பாய் போன்றவர்கள் அதைக் கொண்டுவந்து, கடல் பழக்கமே இல்லாத ஆவடிப் பையன்களுக்கும் கொடுத்தார்கள்.

இதில் ஒரு பெரிய குறை இருந்தது. ரூமில் தெரிந்தது ரூமைத் தாண்டவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதினால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, டிராஃப்ட் அனுப்பிய விவரத்தோடு முடிப்போம். பிறகு கேசட் வந்தது. டேப்ரிக்கார்டரில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். மனைவி பேசிய கேசட் திரும்பி வரும். அதிலும் வெந்த முதுகைப் பற்றியோ, கரியில் போன பக்கத்துக் கேபின்காரரைப் பற்றியோ ஒருவரும் பேசியதில்லை. வீட்டில் பயப்படுவார்கள் என்ற அன்புதான் காரணம். கடன் கொடுத்தவர் காதுக்குப் போகக் கூடாது என்ற அச்சமும் கொஞ்சம். விளைவு என்னவென்றால், அண்ணன் பத்து வருடம் இருந்து திரும்பிய வீட்டிலிருந்து தம்பி கிளம்பும்போதும் அவன் பெட்டியில் கசகசா இருந்தது.

பெரிய ஆபத்துகள் வந்தபோது ஊரே விழித்துக்கொண்டது. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அம்மான் வழியாக ஏர் இந்தியா தினமும் விமானம் விட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அது பெருமைக்குரிய காரியம், எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் விடியற்காலையில் பற்றி எரிந்தது. ஏறக்குறைய ஐம்பது பேர் போனார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். நெருப்பைவிடப் புகையில் மூச்சு முட்டிச் செத்தவர்களே அதிகம். உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்ததை டி.வி.யில் பார்த்தோம். ஆனால் தினமும் ஒன்று இரண்டாக, பெயர் வராமல் போகிற உயிர்களுக்கு விமானமும் இல்லை, செய்தியும் இல்லை. குழாய், கரி, சாலை, வெயில், ஒரு பொட்டலம் மசாலா, இவற்றில் போனதும் கெட்டதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

2018 முதல் வெளிநாடு கிளம்புகிற தொழிலாளர்களுக்கு மத்திய அரசு பயண முன் பயிற்சி கொடுக்கிறது. ஒரு நாள் வகுப்பு. அந்தந்த நாட்டுச் சட்டம், ஒப்பந்தம், தூதரக உதவி எண் எல்லாம் சொல்கிறார்கள். வரவேண்டியதுதான், நாங்கள் போன காலத்தில் வந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த வகுப்பில் நிற்க வேண்டியவர்கள் இன்னும் நிற்கவில்லை. சேக்காடு, பட்டாபிராம், அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் முழுக்க, அறுபதைத் தாண்டிய வெல்டர்களும் ஃபிட்டர்களும் ரிக்கர்களும் டிரைவர்களும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு ரூமுக்குப் பெரியவராக இருந்தவர். கத்தாருக்குப் போகிற பையனுக்கு கத்தாரில் இருந்தவரும், சவூதிக்குப் போகிறவனுக்கு சவூதியில் இருந்தவரும் அரைமணி நேரம் பேசட்டும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். பயிற்சி நடத்துகிறவர்கள் கூப்பிட்டால் வருவதற்கு எங்களில் பலர் தயார். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.